‘ஸ்டேக் எ க்ளெய்ம்’: கொரிய மாணவர்களுக்கு இதை எப்படி விளங்க வைப்பது?

வெள்ளவத்தை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் வேலை செய்யும் கொரியர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். பெரும்பாலும் கட்டட வேலை, ஆடைத் தொழிற்சாலை பக்கத்து ஆட்கள். எல்லோரும் வயது வந்தவர்கள், இலக்கணத்தை அங்கே பள்ளியிலேயே கரைத்துக் குடித்தவர்கள். மரபுத்தொடர் வரும்போது மட்டும் வகுப்பு நின்றுவிடுகிறது.

செய்தி வாசிக்கும் பாடத்தில் ‘ஸ்டேக் எ க்ளெய்ம்’ என்று ஒரு தொடர் வந்தது. அர்த்தம் என்னவாக இருக்கும் என்று கேட்டேன். ஒருவர் முறைப்பாடு கொடுப்பது என்றார், அதுவும் மிக உறுதியாக. இன்னொருவர் இராணுவத்தில் தொடர்ந்து தங்கிவிடுவதா என்று கேட்டார், மற்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அது எங்கிருந்து வந்தது என்றே விளங்கவில்லை. ஒரு அக்காவுக்கு மாட்டிறைச்சி ஸ்டேக்தான் கண்ணுக்கு முன் வந்ததாம்.

‘ஒரு பொருள் எனக்கு உரியது என்று வெளிப்படையாகச் சொல்லி வைப்பது’ என்று விளக்கினேன். சரி என்று எழுதிக் கொண்டார்கள். ஆனால் வசனம் அமைக்கச் சொன்னால் ‘என் வீட்டுக்கு நான் ஸ்டேக் எ க்ளெய்ம் செய்கிறேன்’, ‘என் காருக்கு ஸ்டேக் எ க்ளெய்ம் செய்தேன்’ என்கிற மாதிரி வருகிறது. இலக்கணத்தில் பெரிய பிழை இல்லை, ஆனால் ஒரு ஆங்கிலேயர் அப்படிச் சொல்லவே மாட்டார். ஏன் சொல்ல மாட்டார் என்பதை எளிமையாகச் சொல்லத்தான் வழி தேடுகிறேன். ‘டிப்ஸ்’ (dibs, எனக்குத்தான் என்று முந்திச் சொல்வது), ‘லே க்ளெய்ம் டு’ (lay claim to, உரிமை கோருவது) இவையெல்லாம் எங்கே வரும், இது எங்கே வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கொரிய மொழி தெரிந்தவர்கள் இங்கே இருந்தால் உதவி செய்யுங்கள்.

அன்சான் அண்ணா:

டீச்சர், நான் கொரியாவில் அன்சான் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவன், இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். உங்கள் மாணவர்கள் சொன்ன மூன்று பதிலுக்கும் அவர்களுடைய மொழியிலேயே காரணம் இருக்கிறது, யாரும் சும்மா ஊகித்துச் சொல்லவில்லை.

முதலில் அந்த முறைப்பாடு. கொரியர்கள் ‘க்ளெய்ம்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து ‘குல்லேயிம்’ என்று சொல்வார்கள், ஆனால் அவர்களிடம் அதற்கு வாடிக்கையாளர் கொடுக்கும் முறைப்பாடு, அனுப்பிய சாமானில் குறை என்று வரும் புகார் என்றுதான் அர்த்தம். நாங்கள் வேலை செய்த இடத்தில் பார்ட்ஸ் ஏதாவது பிழையாகப் போய்விட்டால் சூப்பர்வைசர் ‘குல்லேயிம்’ வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஓடி வருவார், அந்தச் சொல்லைக் கேட்டாலே லைன் முழுக்கப் பயந்துவிடும். இது ஆங்கிலச் சொல்தானே, எங்களுக்குத் தெரிந்த சொல்தானே என்று அவர்கள் நினைப்பதால்தான் இந்தப் பிழை இவ்வளவு உறுதியாக வருகிறது.

அடுத்தது இராணுவம். ‘ஸ்டேக்’ என்றால் நிலத்தில் அடிக்கும் முளை, கட்டை என்று அகராதியில் பார்த்திருப்பார்கள். கொரிய மொழியில் அதற்கு ‘மல்த்துக்’ என்று பெயர். ‘மல்த்துக் பாக்தா’ என்றால் நேரடியாக முளை அடிப்பது, ஆனால் பேச்சில் ஒரு இடத்திலேயே நிலையாக இருந்துவிடுவது, முக்கியமாகக் கட்டாய இராணுவ சேவை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் அதையே தொழிலாக்கிக்கொண்டு தங்கிவிடுவது. அங்கே ஆண்கள் எல்லோரும் இராணுவத்துக்குப் போய் வர வேண்டும், அதனால் அந்தப் பேச்சு தெரியாத கொரிய ஆம்பிளை இல்லை என்றே சொல்லலாம். மனைவி மேல் ஆசை இருந்தால் மாமனார் வீட்டு முளையைப் பார்த்தாலும் கும்பிடுவான் என்று அவர்களிடம் ஒரு பழமொழியும் உண்டு, அந்த முளையும் இதே ‘மல்த்துக்’தான். அதனால் சொல் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது, போகிற திசைதான் வேறு. அவர்களுடைய முளை ஆளைக் கட்டி வைக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கும் முளை நிலத்தைக் குறித்து வைக்கிறது. இதை ஒரு படம் போட்டுக் காட்டினாலே போதும், திரும்பப் பிழை விட மாட்டார்கள்.

மாட்டிறைச்சிக்கு எழுத்துத்தான் காரணம். இரண்டு ‘ஸ்டேக்’கையும் கொரிய எழுத்தில் ஒரே மாதிரி, நாலு அசையாக எழுத வேண்டியிருக்கிறது, ஹோட்டல் மெனுவில் அந்த நாலு எழுத்தைத்தானே எந்த நாளும் பார்க்கிறார்கள். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான், அதனால் அதைத் திருத்தப் போக வேண்டாம். ‘ஸு-தெ-இ-கு’ என்று நீட்டாமல் ஒரே மூச்சில் சொல்லப் பழக்குங்கள். நம்முடைய ஆட்களும் ‘இஸ்டேக்’ என்று இகரம் போட்டுத்தானே ஆரம்பிக்கிறோம், அவர்களுடைய கஷ்டம் நமக்குத் தெரியும்.

அப்புறம் ‘டிப்ஸ்’. அதற்குக் கொரிய மொழியில் சரியான சொல் இருக்கிறது, ‘ஜ்ஜிம்’. கடைசிக் கோழித்துண்டு எனக்கு என்று முந்திச் சொல்லிவிடுவதுதான் ‘ஜ்ஜிம்’. ஒன்லைன் கடையில் பிடித்த சாமானை ஒதுக்கி வைக்கும் பட்டனுக்கும் அதே பெயர்தான். எச்சில் தடவி வைத்துவிட்டேன் என்றும் சொல்வார்கள், ‘சிம் பல்லா நோத்தா’ என்று, இனி ஒருவரும் தொடாதே என்ற அர்த்தத்தில். ‘டிப்ஸ்’ சொல்லிக் கொடுக்கும்போது ‘ஜ்ஜிம்’ என்று ஒரு சொல் சொல்லுங்கள், வகுப்பு முழுக்க உடனே பிடித்துக்கொள்ளும்.

கொட்டாஞ்சேனை வாத்தியார்:

அன்சான் அண்ணா சொன்னது பெறுமதியான விஷயம், கொரிய மொழி தெரியாமல் இதையெல்லாம் எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் பார்த்திருக்க மாட்டோம். நான் டீச்சருடைய முக்கியமான கேள்விக்கு வருகிறேன், ‘என் வீட்டுக்கு ஸ்டேக் எ க்ளெய்ம் செய்கிறேன்’ ஏன் சரியில்லை என்பதற்கு.

இந்தத் தொடர் ஏற்கனவே சொந்தமாக உள்ள பொருளைப் பற்றியது இல்லை. யாருக்கு உரியது என்று இன்னும் முடிவாகாத ஒன்றை எனக்கு உரியது என்று முன்வந்து அறிவிப்பதுதான் இது. உறுதிப் பத்திரம் கையில் இருப்பவனுக்குச் சொந்தம் என்று கூவ வேண்டிய தேவையே இல்லை, வீட்டுக்காரன் ‘இது என் வீடு’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவான். அதனால் மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இதை வேறு யாராவது தனக்கு வேண்டும் என்று கேட்க முடியுமா, கேட்கிறார்களா? இல்லை என்றால் இந்தத் தொடர் அங்கே வராது.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவில் சட்டர் என்பவருடைய மர ஆலை வேலையிடத்தில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்டார், அடுத்த வருடம் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் போய்க் குவிந்தார்கள். அந்த நிலத்தில் சுரங்கம் தோண்ட யாருக்கு உரிமை என்று சொல்லும் மத்திய சட்டம் அப்போது இல்லை. அதனால் ஒவ்வொரு முகாமிலும் தோண்டுகிறவர்கள் தாங்களே கூடி விதி போட்டுக்கொண்டார்கள், ஒரு ஆளுக்கு எவ்வளவு துண்டு, எப்படிக் குறிப்பது, எத்தனை நாள் வேலை செய்யாமல் விட்டால் உரிமை போய்விடும் என்று. மூலைகளில் முளை அடித்துப் பெயரை எழுதி வைப்பார்கள். அந்த முளைதான் ‘ஸ்டேக்’, அப்படிக் குறித்த துண்டுக்கே ‘க்ளெய்ம்’ என்று பெயர். வேலை செய்யாமல் கைவிட்டால் இன்னொருவன் வந்து பிடித்துக்கொள்ளலாம். இன்னொருவன் வேலை செய்துகொண்டிருக்கும் துண்டை அபகரிப்பவனை ‘க்ளெய்ம் ஜம்பர்’ என்றார்கள்.

பிறகு 1872ல் அமெரிக்கப் பாராளுமன்றம் இதையெல்லாம் ஒரு பொதுச் சட்டமாக்கியது. பாறைக்குள் ஓடும் தாதுக்கு ஒரு க்ளெய்ம் அதிகபட்சம் 1,500 அடி நீளம், 600 அடி அகலம், வருடத்துக்கு 100 டொலர் பெறுமதியான வேலை அதில் செய்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் வைத்தது. நிலத்தின் முழு உரித்து வேண்டும் என்றால் அதற்கு வேறாக அரசாங்கத்திடம் பத்திரம் வாங்க வேண்டியிருந்தது. ஆகவே முளை அடித்தவன் சொந்தக்காரன் இல்லை, உரிமை கேட்டு நிற்பவன், தொடர்ந்து உழைத்தால்தான் அந்தக் கோரிக்கை உயிரோடு இருக்கும். இன்றைக்கும் செய்தியில் ஒரு கம்பனி புதிய சந்தையில் ‘ஸ்டேக் எ க்ளெய்ம்’ செய்தது என்று எழுதினால் அந்தச் சந்தை அந்தக் கம்பனியின் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, நாங்களும் போட்டியில் இருக்கிறோம் என்று எல்லோர் முன்னாலும் காட்டிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

இலக்கணத்தில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கொரிய மொழியில் நம்முடைய மாதிரியே ‘எ’, ‘த’ கிடையாது, அதனால் ‘ஸ்டேக் க்ளெய்ம்’ என்று விட்டுவிடுவார்கள். ‘எ க்ளெய்ம்’ அல்லது ‘மை க்ளெய்ம்’, ‘இட்ஸ் க்ளெய்ம்’ என்று ஒன்று கட்டாயம் வர வேண்டும். அடுத்து, பின்னால் வருவது ‘டு’. ‘ஸ்டேக் எ க்ளெய்ம் டு த லேண்ட்’. அவர்கள் ‘அபௌட்’ போடுவார்கள் என்று நினைக்கிறேன், அன்சான் அண்ணா சொல்லுங்கள்.

அன்சான் அண்ணா:

ஆமாம் சேர், ‘அபௌட்’தான் போடுவார்கள். ஒன்றைப் பற்றிய உரித்து என்று சொல்ல அவர்களிடம் ‘எ தேஹான்’ என்று ஒரு ஒட்டு இருக்கிறது, அகராதியில் அதற்கு ‘அபௌட்’ என்றுதான் போட்டிருக்கும். மற்றபடி அவர்களுடைய வசன அமைப்பு நம்முடைய அமைப்புத்தான். உரித்தை வலியுறுத்துவது என்றால் ‘சோயுக்வொனுல் ஜுஜாங் ஹாதா’, உரித்து முதலில், அதில் நம்முடைய ‘ஐ’ மாதிரி ஒரு உருபு, வினை கடைசியில். அந்த ‘ஜுஜாங்’ என்ற சொல்லிலும் நீங்கள் சொன்ன குணம் இருக்கிறது, ஒருவர் தன் பக்கம் சரி என்று வாதாடுவதுதான் அது, தீர்ப்பு வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. டீச்சர் அந்தச் சொல்லையே போர்டில் எழுதச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

தெஹிவளை தம்பி:

அண்ணா, கொரிய மொழியில் ‘எங்கள்’ என்பதற்கு ‘உரி’ என்றுதானே சொல்கிறார்கள்? நாடகங்களில் கேட்டிருக்கிறேன். நம்முடைய ‘உரிமை’, ‘உரியது’ எல்லாம் அதே வேர்தானே! இதைச் சொன்னால் மாணவர்களும் சந்தோஷப்படுவார்கள்.

கொட்டாஞ்சேனை வாத்தியார்:

தம்பி, ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905லேயே ஒப்பிட்டு எழுதினார், அதற்குப் பிறகு பலர் அம்மா, அப்பா என்று பட்டியல் போட்டார்கள், ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்ளவில்லை. வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். ஆனால் நீங்கள் எடுத்த சொல் வேறு விதத்தில் பயன்படும். அவர்கள் ‘என் வீடு’ என்று சொல்லாமல் ‘எங்கள் வீடு’ என்றுதான் சொல்வார்கள், மனைவி கூட ‘எங்கள் கணவர்’ என்பார். நாமும் தனியாக இருந்தாலும் எங்கட வீடு என்கிறோம். அதனால் ஒரு ஆள் தனக்காகக் கேட்கும் இடத்தில் ‘மை க்ளெய்ம்’ என்பதற்குப் பதிலாக ‘அவர் க்ளெய்ம்’ (our claim, எங்கள் க்ளெய்ம்) என்று எழுதிவிடுவார்கள், அதைத் திருத்த வேண்டும்.

பம்பலப்பிட்டி அக்கா:

இவ்வளவு பெரிய விளக்கம் தேவையா? யாழ்ப்பாணத்தில் வேலிக்குக் கதியால் போடுவதுதான் இது. எல்லையில் கதியாலை நட்டுவிட்டு இது என்ர காணி என்று நிற்கிறதில்லையா, அதே மாதிரிதான். கொரியர்களுக்கு ஒரு வேலிப் படத்தைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் விளங்கும்.

புதுக்கடை ஐயா:

மகள், கதியால் நல்ல உவமைதான், ஆனால் அதில் ஒரு இடறல் இருக்கிறது. பல வருடம் காணி வழக்குகளில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். நம்முடைய ஊர் வேலிச் சண்டைகளில் பாதி எப்படி வருகிறது? இரவோடு இரவாகக் கதியாலைக் கொஞ்சம் அரக்கி வைப்பது, அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். அது ஒளித்துச் செய்வது. வாத்தியார் சொன்ன கலிபோர்னியா முளையில் பெயர் எழுதியிருக்கிறது, பார்க்கிறவன் வாசித்துவிட்டு எதிர்த்து வரலாம். ‘ஸ்டேக் எ க்ளெய்ம்’ என்றால் அந்தப் பகிரங்கம் அதற்குள் இருக்க வேண்டும். கள்ளமாகப் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘என்க்ரோச்’ என்று வேறு சொல் இருக்கிறது, மாணவர்கள் இரண்டையும் கலக்கக்கூடாது.

நம்முடைய சட்டத்திலும் இந்த வித்தியாசம் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, ஒருவருடைய காணியை இன்னொருவர் தடையில்லாமல், இடைவிடாமல், சொந்தக்காரரின் உரித்துக்கு எதிராகப் பத்து வருடம் ஆண்டு அனுபவித்தால் அவருக்கு உரித்துக் கிடைக்கலாம். அரச காணிக்கு இது பொருந்தாது. வாடகைக்கு இருந்தவர், சொந்தக்காரர் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டவர், இவர்கள் பத்து வருடம் இருந்துவிட்டோம் என்று மட்டும் சொல்லி வெல்ல முடியாது, எப்போது அவருக்கு எதிராக நின்று எனக்கு உரியது என்று காட்டத் தொடங்கினார்கள் என்று நீதிமன்றம் கேட்கும். அந்தக் காட்டத் தொடங்கிய நேரம்தான் ‘ஸ்டேக் எ க்ளெய்ம்’. பத்து வருடம் கழித்துக் கிடைக்கும் தீர்ப்பு வேறு. கொழும்பில் வாடகைக்கு இருக்கும் கொரியர்களுக்கு இந்த உதாரணம் நன்றாக விளங்கும் என்று நினைக்கிறேன், ஒப்பந்தம் போட்டு வீடு எடுப்பவர்கள்தானே.

இன்னொரு விஷயம், டீச்சர், இதை நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். தங்கம் தோண்டப் போனவர்கள் முளை அடித்த நிலம் ஆள் இல்லாத நிலம் இல்லை. அங்கே பூர்வீக மக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். 1889 ஏப்ரல் 22 அன்று ஒக்லஹோமாவில் மதியம் பன்னிரண்டு மணிக்குச் சைகை கொடுத்ததும் ஆயிரக்கணக்கானோர் குதிரையிலும் வண்டியிலும் ஓடிப்போய் ஆளுக்கு 160 ஏக்கர் என்று முளை அடித்தார்கள், அதுவும் பூர்வீக மக்களிடம் இருந்து அரசாங்கம் வாங்கிய நிலம்தான். இந்தத் தொடருக்குள் அந்த வரலாறு படுத்திருக்கிறது. நமக்கும் அது புதிதில்லை. இங்கே ஆங்கிலேயர் 1840ல் 12ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து, காடும் தரிசும் பயிரிடாத நிலமும் மறுதலையாக நிரூபிக்கும் வரை முடிக்குரியது என்று வைத்தார்கள், பரம்பரையாக மாடு மேய்த்தவன், சேனை செய்தவன் கையில் என்ன கடதாசி இருக்கும்? கொரியாவிலும் 1910 முதல் 1918 வரை ஜப்பானிய ஆட்சி நாடு முழுவதும் காணி அளந்து, உரிமையாளர்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று வைத்தது. அதனால் எவ்வளவு காணி கைமாறியது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே வாதம் உண்டு, ஆனால் உரிமையை நீதான் வந்து கேட்டு நிரூபிக்க வேண்டும் என்று வெளியில் இருந்து வந்த ஒரு ஆட்சி சொல்லும்போது எப்படி இருக்கும் என்று அந்த மாணவர்களுடைய குடும்பங்களுக்கும் தெரியும், நம்முடைய குடும்பங்களுக்கும் தெரியும். பாடத்தில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் அந்தச் சொல் அவர்களுக்கு மறக்காது.

வெள்ளவத்தை டீச்சர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன பகிரங்கம், வாத்தியார் சொன்ன முடிவாகாமை, இரண்டையும் வைத்து அடுத்த வகுப்பை அமைக்கிறேன். ஒரு சந்தேகம். உரிமை, நிலம் என்று பேச ஆரம்பித்தால் அவர்கள் கட்டாயம் தோக்தோ தீவைத்தான் உதாரணமாகச் சொல்வார்கள், போன முறையே ஒருவர் ஆரம்பித்துவிட்டார். அதை எப்படிக் கையாள்வது? விளையாட்டுச் செய்தியில் இது ‘ஃபார்’ என்று வருவதையும் பார்த்தேன், அது சரியா?

அன்சான் அண்ணா:

தோக்தோவை ஒதுக்க வேண்டாம் டீச்சர், அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த உதாரணம். ஜப்பான் அந்தத் தீவுகளைத் தகேஷிமா என்று அழைத்துத் தனக்கு உரியது என்கிறது. தீவுகள் கொரியாவின் கையில்தான் இருக்கின்றன, அங்கே பிரச்சினை என்று ஒன்றே இல்லை என்பதுதான் கொரிய அரசாங்கத்தின் நிலைப்பாடு. அதனால் ‘ஜப்பான் லேஸ் க்ளெய்ம் டு தோக்தோ’ என்ற வசனத்தை மாணவர்கள் சந்தோஷமாக எழுதுவார்கள். ‘கொரியா லேஸ் க்ளெய்ம் டு தோக்தோ’ என்று எழுதச் சொல்லிப் பாருங்கள், கை வராது. எங்களுடையதை நாங்கள் ஏன் கேட்க வேண்டும் என்பார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, ஏன் எழுத மனம் வரவில்லை என்று அவர்களிடமே கேளுங்கள். வாத்தியார் சொன்னதை அவர்களே அவர்கள் வாயால் சொல்லிவிடுவார்கள். எந்த நாடு சரி என்று நீங்கள் பேசத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனை வாத்தியார்:

அருமையான யோசனை. நானும் இதை என் வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன்.

விளையாட்டில் ‘ஃபார்’ சரிதான். கெத்தாராம மைதானத்தில் ஒரு இளம் ஆட்டக்காரர் சதம் அடித்தால் அணியில் ஒரு இடத்துக்கு ‘ஸ்டேக்ட் எ க்ளெய்ம் ஃபார் எ ப்ளேஸ்’ என்று வர்ணனையாளர் சொல்வார். தெரிவுக்குழு இன்னும் பெயர் அறிவிக்கவில்லை, அவர் மட்டையால் கேட்டுவிட்டார். கொரியர்களுக்குக் கிரிக்கெட் பழக்கமில்லை, அதனால் கால்பந்தில் சொல்லுங்கள், மாற்று வீரராக இறங்கி இரண்டு கோல் போட்டவர் அடுத்த ஆட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே ஆட இடம் கேட்கிறார் என்று. 2002 உலகக் கிண்ணத்தில் அவர்களுடைய அணி அரையிறுதி வரை போனதை எந்த மாணவரும் மறந்திருக்க மாட்டார், அதை வைத்து ‘ஸ்டேக்ட் இட்ஸ் க்ளெய்ம் அஸ்’ என்று, இன்ன தரத்து அணி நாங்கள் என்று காட்டியது என்ற அர்த்தத்தில் இன்னொரு வசனம் அமைக்கலாம்.

‘லே க்ளெய்ம் டு’ கொஞ்சம் கனமான தொடர். நாடு, பரம்பரைச் சொத்து, பட்டம் இவற்றுக்கு வரும், முளை, போட்டி என்ற உணர்வு அதில் குறைவு. மறுத்துச் சொல்லும்போதும் வரும், நான் பெரிய அறிஞன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன் என்பதற்கு. ‘டிப்ஸ்’ நண்பர்களுக்குள் மட்டும், பின்னால் ‘ஆன்’ வர வேண்டும், அலுவலகக் கடிதத்தில் வரவே கூடாது. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கம்பனி ஆட்கள் ‘ஸ்டேக்ஹோல்டர்’, ‘அட் ஸ்டேக்’ எல்லாம் எந்த நாளும் கேட்கிறார்கள். அங்கே ‘ஸ்டேக்’ என்பது பங்கு அல்லது பந்தயப் பணம், நிலத்தில் அடிக்கும் முளை இல்லை.

தெஹிவளை தம்பி:

கொரியாவில் கஃபேயில் ஃபோனையோ பையையோ மேசையில் வைத்துவிட்டு ஓர்டர் பண்ணப் போவார்களே, அதற்கு எது வரும், ‘டிப்ஸ்’ஸா ‘ஸ்டேக் எ க்ளெய்ம்’மா?

அன்சான் அண்ணா:

இரண்டும் இல்லைத் தம்பி. அதற்கு அவர்கள் ‘ஜாரி மாத்தா’ என்பார்கள், இடம் பிடித்து வைப்பது. ஆங்கிலத்தில் ‘சேவ் எ சீட்’ போதும். பகிடியாகப் பெரிதாக்கிச் சொல்ல வேண்டும் என்றால் மட்டும் ஜன்னல் ஓர மேசைக்கு ‘ஸ்டேக்ட் மை க்ளெய்ம்’ என்று சொல்லலாம், ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர்கள் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் அதைச் சொல்லிக் கொடுத்தால் குழப்பம்.

பம்பலப்பிட்டி அக்கா:

ஐயா சொன்னது விளங்குகிறது, கதியாலில் பெயர் எழுதுவதில்லைதான். டீச்சர், என் வேலை ஆடை ஏற்றுமதிப் பக்கம், அதனால் ஒன்று கேட்கிறேன். கொரிய வாங்குநர்களிடம் இருந்து ‘வீ வில் க்ளெய்ம்’ என்று ஈமெயில் வரும். அன்சான் அண்ணா சொன்ன மாதிரி அது வெறும் முறைப்பாடு என்று எடுத்துக்கொள்ளலாமா? நம்முடைய ஆட்களுக்கு க்ளெய்ம் என்றால் இன்ஷூரன்ஸ் காசுதான், அதனால் எங்கள் கணக்குப் பிரிவு அந்தச் சொல்லைப் பார்த்ததும் பதறுகிறது.

அன்சான் அண்ணா:

அக்கா, அதை அப்படி லேசாக எடுக்க வேண்டாம். வர்த்தகக் கடிதத்தில் க்ளெய்ம் என்றால் நட்டஈடு கேட்பது என்ற அர்த்தமும் உண்மையிலேயே உண்டு, கொரியர்கள் அந்தச் சொல்லை எடுத்ததே அந்தப் பக்கத்தில் இருந்துதான். அதனால் எழுதினவர் மனதில் எது என்று ஈமெயிலில் இருந்து மட்டும் தெரியாது. தொகை எவ்வளவு, எந்த ஷிப்மென்ட், என்ன குறை என்று கேட்டு உடனே ஒரு பதில் போடுங்கள். தொகை சொன்னால் அது நட்டஈடு. குறையை மட்டும் விவரித்து இனி கவனமாக இருங்கள் என்று வந்தால் அது அவர்களுடைய ‘குல்லேயிம்’. டீச்சர், உங்கள் மாணவர்களில் அலுவலக ஆட்கள் இருந்தால் முறைப்பாட்டுக்கு ‘கம்ப்ளெய்ன்ட்’ என்றும், காசு கேட்டால் ‘க்ளெய்ம் ஃபார் காம்பென்சேஷன்’ என்றும் முழுதாக எழுதப் பழக்குங்கள், அக்காவின் கணக்குப் பிரிவுக்கும் அது உதவும்.